பின்சீட்டில் ஆள் இருந்தால் நிற்கும் வண்டி

அந்தச் சாம்பல் நிறக் காரை இழுவை வண்டி கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கியபோது பகல் மணி இரண்டு. வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பட்டறையே உண்ட மயக்கத்தில் கொட்டாவி விட்டது. பயப்படுவதற்கு ஏற்ற நேரம் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள்.

விழித்திருந்தது கேஜ் அண்ணன் மட்டும். பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் கேஜை எப்போதும் தோளில் தொங்கவிட்டிருப்பார், அதனால் அந்தப் பெயர். வண்டி கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள், மீதிப் பேர் உண்மையை மறந்திருப்பார்கள் என்பது அவருடைய இருபத்திரண்டு வருடத் தீர்மானம். மனைவி தலை வலிக்கிறது என்றால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். பட்டறை அந்த மனைவியின் அண்ணனுக்குச் சொந்தம். மச்சான் வாங்கிப் போடும் ஃபில்டர் அசல்தானா என்று அவருக்குத் தெரியாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும் கேஜ் அண்ணனின் வழக்கம். இப்படிப்பட்ட ஆளிடம் பேய் வருவதென்றால் அதுவுமே கொஞ்சம் யோசித்துத்தான் வரும்.

காருடன் வந்தவர் ஒரு கணக்கு டீச்சர். கணவர் கப்பலில் வேலை. வருடத்தில் பத்து மாதம் கடல். வீட்டில் அவரும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும்தான். இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய பழைய வண்டி இது. ஓடும்போதே பட்டென்று எஞ்சின் அணைந்துவிடுகிறது. இதுவரை ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை மேம்பாலத்தின் உச்சியில் நின்றது. பின்னால் வந்த லாரி டயர் தேய பிரேக் போட்டு, இரண்டு சாண் தள்ளி நின்றதாம்.

வேறு இரண்டு பட்டறைகளில் பம்ப் மாற்றியாயிற்று, ஃபில்டர் மாற்றியாயிற்று, டேங்கைக் கழற்றிக் கழுவியும் ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். வண்டி எடுத்த ஒவ்வொரு நாளும் போன இடம், டேங்கில் இருந்த பெட்ரோல், நின்றிருந்தால் அந்த நேரம், இடம் எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, வண்டிய வாங்கிக் குடுத்தது என் கொழுந்தன். ரெண்டாவது சாவி இன்னும் அவர்கிட்டதான் இருக்கு. நான் வண்டி ஓட்டுறது அவருக்குப் பிடிக்காது. யாராவது வேணும்னே ஏதாவது பண்ணியிருக்காங்களான்னு பாருங்க."

கேஜ் அண்ணனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சந்தேகப்படுகிற வாடிக்கையாளர் கிடைப்பது அவருக்கு அபூர்வம்.

சாவியைப் போட்டுக் காதைத் தீட்டினார். பின்சீட்டுக்கு அடியிலிருந்து பம்ப் இரண்டு விநாடி முனகிவிட்டு அடங்கியது. நல்ல முனகல். ஒரு பாட்டிலில் பெட்ரோல் பிடித்து அசையாமல் வைத்துப் பார்த்தார்; அடியில் தண்ணீர் தங்கவில்லை, சர்க்கரையோ மண்ணோ இல்லை. கொழுந்தன் அந்த வகையில் தப்பித்தார். அடுத்ததாக எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயில் கேஜை மாட்டி, அதன் நீண்ட ரப்பர் குழாயைப் பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முள் உள்ள வட்டை முகப்புக் கண்ணாடியில் ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி டேப்பால் ஒட்டினார். முள் மூன்றில் நின்றது. இருக்க வேண்டிய இடம் அதுதான்.

அன்று நாற்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டினார். மறுநாள் மச்சானை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் நான்கு முறை ஏறி இறங்கினார். முள் மூன்றை விட்டு நகரவே இல்லை. மச்சான் ஏசி காற்றில் தூங்கியே போனார். டீச்சர் கதை விடுகிறாரோ என்ற எண்ணம் கேஜ் அண்ணனுக்கு அப்போது வந்தது. கதை விடுகிறவர் கட்டம் போட்டு நோட்டு எழுதுவாரா என்றும் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் அந்த நோட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்தார்.

வண்டி காலையில் பள்ளிக்குப் போகும்போது நின்றிருக்கிறது. மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும்போது நின்றிருக்கிறது. டீச்சர் தனியாகக் கடைக்கும் வங்கிக்கும் போன நாட்களில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒன்பது தடவையும் வண்டியில் இன்னொரு ஆள் இருந்திருக்கிறது.

பின்சீட்டில், மகள்.

சனிக்கிழமை மத்தியானம் டீச்சரை மகளோடு வரச் சொன்னார். பாப்பா வெடவெடவென்று ஒல்லியாக இருந்தது, கையில் ஒரு வரைபடப் புத்தகம். பட்டறைக்குப் பின்னால் லாரிகள் நிறுத்தும் பெரிய மைதானம் காலியாகக் கிடந்தது. பாப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து கேஜ் அண்ணன் மெதுவாக ஓட்டினார். முதல் சுற்று ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்றில் வேப்ப மரத்தைத் தாண்டும்போது முள் பூஜ்யத்துக்கு விழுந்தது.

எஞ்சின் செத்தது.

ஃபில்டர் அடைத்திருந்தால் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பம்ப் சோர்ந்திருந்தால் நடுங்கி நடுங்கி இறங்கும். இது கத்தரித்ததுபோல் விழுந்தது. பம்புக்குப் போகிற கரண்டையே யாரோ நிறுத்தினால்தான் இப்படி விழும். அவர் இறங்கிப்போய் டிக்கியைத் திறந்து, இடது பக்கக் கார்பெட்டை விலக்கிக் கையை விட்டார். கட்-ஆஃப் சுவிட்சின் பட்டன் மேலே துள்ளி நின்றது.

தீப்பெட்டி அளவுள்ள கறுப்புப் பெட்டி அது. வண்டி எதன்மீதாவது பலமாக மோதினால் உள்ளே இருக்கும் இரும்புக் குண்டு துள்ளும், பட்டன் மேலே வரும், பம்ப் நின்றுவிடும். அடிபட்ட வண்டியில் பெட்ரோல் கொட்டித் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பட்டனை மறுபடி அமுக்கினால் வண்டி ஓடும்.

மைதானத்தில் மோதல் எங்கே வந்தது? பாப்பா காலால் சீட்டை உதைக்கிறாளா என்று கேட்டார். இல்லை என்றாள். பிள்ளைகள் சொல்வதையும் அவர் நம்புவதில்லை. அவளை முன்சீட்டுக்கு மாற்றி ஐந்து சுற்று ஓட்டினார், வண்டி நிற்கவில்லை. பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்காரவைத்து ஓட்டினார்.

நின்றது.

கேஜ் அண்ணன் ஒல்லியான ஆள். டீச்சரை ஓட்டச் சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு டிக்கிக்குள் சுருண்டு படுத்தார். பட்டன் எப்படித் துள்ளுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்தார். டீச்சர் தயங்கிக்கொண்டே மூடியைச் சாத்தினார்.

பகல் போய்விட்டது.

உள்ளே பழைய ரப்பர் வாடை அடித்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாடை, தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்புக் கரி போல. வண்டி நகர்ந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கார்பெட்டை முழுசாக உரித்தார். சிவப்புப் பட்டன் அமுங்கியே இருந்தது. வெளிச்சத்தைச் சற்று நகர்த்தியதும் தகரத்தின் குறுக்கே ஒரு வெல்டிங் தழும்பு தெரிந்தது. தழும்புக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறம். இந்தப் பக்கம், பெயிண்ட் உரிந்த இடத்தில் நீலம்.

வெட்டி ஒட்டிய வண்டி. வேறு வேறு இரண்டு வண்டிகளின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பற்றவைத்து டீச்சர் தலையில் கட்டியிருக்கிறார்கள். கொழுந்தன் கமிஷன் அடித்திருப்பார் என்று அவர் மனசு உடனே கணக்குப் போட்டது. அந்தத் திருப்தி அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

சுவிட்சுக்குப் பின்னால் ஒரு பழைய வயர்த் துண்டு தொங்கியது. புது வயர் இழுத்தவன் பழையதை எடுக்கச் சோம்பல்பட்டு வெட்டிவிட்டிருக்கிறான். இரண்டு வயர்களை முறுக்கிச் சேர்த்த இணைப்பு. அதன்மேல் டேப். டேப்பின்மேல் மெழுகு தடவிய வெள்ளை நூல், நெருக்கமாகப் பதினாறு சுற்று.

வெயிலில் டேப் பிரிந்துவிடும் என்று மேலே மெழுகு நூல் சுற்றுகிற மெக்கானிக் அந்த ஊரில் ஒருவர்தான் உண்டு.

நான்கு வருடம் முன்பு ஒரு போட்டோக்காரர் நீல நிறக் காரைக் கொண்டுவந்தார். வேகத்தடையில் ஏறி இறங்கினாலே வண்டி நிற்கிறது என்றார். சுவிட்ச் பழசாகித் தொட்டால் துள்ளியது. புதுசு வரப் பத்து நாள் ஆகும், போட்டோக்காரருக்கோ மறுநாள் வெளியூரில் கல்யாண வேலை. சுவிட்சை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வயரையும் நேராகச் சேர்த்தால் வேலை முடிந்தது. பட்டறை மொழியில் அதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பெயர். எல்லோரும் செய்வதுதான். கேஜ் அண்ணன் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுத்தார். போட்டோக்காரரின் மகன், ஏழு வயசு இருக்கும், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். பட்டனைக் காட்டி, இது எதுக்கு என்று கேட்டான். அது சும்மா இருக்கு தம்பி என்றார் இவர்.

மூன்று வாரம் கழித்து அந்த வண்டி ஒரு லாரியில் மோதியது. முன்பக்கம் பெட்ரோல் குழாய் உடைந்தது. நிற்க வேண்டிய பம்ப் நிற்காமல் எரிகிற எஞ்சின்மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்தது. அப்பாவை இழுத்துப் போட்டுவிட்டார்கள். மகன் உட்கார்ந்திருந்த பின்கதவு மட்டும் திறக்கவில்லை. செய்தி வந்த அன்று கேஜ் அண்ணன் சாப்பிடவில்லை. தீப்பிடிக்க நூறு காரணம் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஊரில் யார் வாயையும் நம்பாத மனிதர் அந்த ஒரு வாயை மட்டும் நம்பிவிட்டார்.

டார்ச் வெளிச்சம் நடுங்கியது. அவர் பற்கள்தான் நடுங்கின.

டக்.

தகரத்துக்கு உள்பக்கமிருந்து வந்தது சத்தம். சீட்டிலிருந்து அல்ல.

டக். டக்.

கரி வாடை ஏறியது. சுவிட்சுக்குப் பின்னால் ஒரு கை மட்டுமே நுழையும் இடுக்கிலிருந்து, மிகவும் மெதுவாக, மூச்சு பட்டதுபோல் ஒரு குரல் கேட்டது.

"இது எதுக்கு?"

கண்ணெதிரில் பட்டன் துள்ளியது. வண்டி நின்றது.

டீச்சர் மூடியைத் திறந்தபோது கேஜ் அண்ணனின் சட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. என்னாச்சு என்று டீச்சர் இரண்டு தடவை கேட்டார். சுவிட்ச் வீக்காக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது.

பட்டறைக்குள் வண்டியைத் தள்ளி நிறுத்தியதும் முதல் வேலையாக அந்தப் பழைய வயர்த் துண்டை வெட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார். இந்த வண்டியில் பிள்ளையை ஏற்றாதீங்க டீச்சர் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்பார். நோட்டை எடுப்பார். எழுதுவார். நூலைப் பிடித்து நூலின் சொந்தக்காரன் வரை வந்துவிடுவார். கேஜ் அண்ணன் கையைப் பிசைந்தார்.

விஷயம் சுவிட்ச்தான் என்று தெரிந்ததும் மச்சான் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்.

"டைரக்ட் குடுத்து அனுப்புங்க மாப்பிள்ள. மூணு நாளா ஒரே வண்டியக் கட்டிக்கிட்டு அழுதா எப்படி?"

மாப்பிள்ளை சுவிட்சை ஓரம் கட்டினார். பிறகு வயரை முறுக்கினார். டேப் சுற்றினார். கை பழக்கத்தில் மெழுகு நூலையும் சுற்றிவிட்டது. பாப்பாவைப் பின்சீட்டில் வைத்து மைதானத்தில் பத்துச் சுற்று ஓட்டிக் காட்டினார். தகரத்துக்குள் தட்டும் சத்தம் பத்துச் சுற்றும் கேட்டது. வண்டி நிற்கவில்லை. சத்தம் பற்றி டீச்சர் கேட்டார், டேங்க் மூடி, வண்டி இனி நிக்கவே நிக்காது என்றார். மூன்று நாளில் முதல் தடவையாக டீச்சர் சிரித்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் கேஜ் அண்ணன் தோளைத் தடவினார். தோள் வெறுமையாக இருந்தது. கேஜைக் கழற்றவில்லை. கண்ணாடியில் இருந்ததை டீச்சரும் சோதனைக்கு விட்டது என்று நினைத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் மறக்காத சாமான். சூடான எஞ்சின்மேல், பெட்ரோல் நிறைந்த ரப்பர் குழாய். அது எங்காவது உரசி நழுவினால் சுவிட்சும் நிறுத்தாது, பம்பும் நிற்காது.

பின்சீட்டில் பிள்ளை.

மச்சானின் பைக் சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினார். வழியெல்லாம் ஒரே நினைப்புதான்: அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. தனக்காகவும்தான் அப்படி நினைத்தார். அதை அவரே கவனித்தார்.

நான்கு சாலை சந்திப்பில் கூட்டம். ஒரு சிமென்ட் லாரி சிக்னல் கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு சாலையின் நடுவில் குப்புறக் கிடந்தது. மூட்டைகள் வெடித்து எங்கும் தூசி மூட்டம். கேஜ் அண்ணன் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். தட்டுத்தடுமாறி உள்ளே போனார். லாரிக்கு நான்கு அடி இந்தப் பக்கம், கீறல்கூட இல்லாமல் நின்றது சாம்பல் நிறக் கார். டீச்சர் மகளை இறுக்கி அணைத்தபடி நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்.

பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தாராம். எடுத்த வேகத்தில் அணைந்துவிட்டதாம். அடுத்த விநாடி பிரேக் இல்லாத லாரி குறுக்கே போனதாம். "அணையலைன்னா நாங்க ரெண்டு பேரும் இல்லை அண்ணா" என்றார். நன்றி சொல்வதுபோல ஆரம்பித்த குரல் பாதியில் மாறியது. "நிக்கவே நிக்காதுன்னு சொன்னீங்களே. அப்புறம் எப்படி நின்னுச்சு?"

கேஜ் அண்ணன் டிக்கியைத் திறந்தார். இணைப்பு அறுந்திருக்கவில்லை, எரிந்திருக்கவில்லை. நூல் பதினாறு சுற்றும் பிரிக்கப்பட்டு, டேப் உரிக்கப்பட்டு, இரண்டு வயர்களும் தனித்தனியாக ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. டீச்சர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"இந்த வயர்ல நீங்க என்ன பண்ணீங்க?"

சொல்லிவிடலாம். இப்போதாவது சொல்லிவிடலாம். சுவிட்ச், நூல், நீலக் கார், பின்கதவு. அரை நிமிஷப் பேச்சு. சட்டைப் பைக்குள் வயர்த் துண்டு நெஞ்சில் குத்தியது.

"நான் ஒண்ணும் பண்ணலை டீச்சர். இப்படித்தான் இருந்துச்சு."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். இத்தனை நாள் கொழுந்தன்மேல் இருந்த பார்வை அது. நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினார். வண்டி வேண்டாம், நாளைக்கு வேறு யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு வாடகைக் காரில் ஏறிப் போய்விட்டார்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் காரைத் தட்டி, வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். வயர் இரண்டாகக் கிடக்கிறது, தள்ளத்தான் வேண்டும் என்று கேஜ் அண்ணன் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டீயரிங் பூட்டு விடுபடட்டும் என்று சாவியைத் திருப்பினார்.

பம்ப் முனகியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இணைக்காத வயரில் கரண்ட் போகாது. அவர் சாவியைத் திருப்பி அணைத்தார். அணையவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். எஞ்சின் சீராக ஓடியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த கேஜின் முள் மூன்றைத் தாண்டி நான்குக்கு வந்தது. பானெட் இடுக்கிலிருந்து பெட்ரோல் வாடை உள்ளே வந்தது. கதவைத் திறக்கப் போனார்.

நான்கு கதவுகளின் பூட்டுகளும் ஒன்றாக இறங்கின.

வெளியே போலீஸ்காரர், எடுங்க, எடுங்க என்று கை காட்டிக்கொண்டிருந்தார். முள் ஐந்தைத் தொட்டது. யாரும் இல்லாத பின்சீட்டில், நிதானமாக, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டும் சத்தம் கேட்டது.